பயற்றுப் பானையும் வேப்பிலையும்

திருமங்கலத்திற்கு மேற்கே கரிசல் காட்டின் நடுவில் உள்ள சிற்றூர் ஒன்றில் எங்கள் பங்கின் கிளை ஆலயம் இருக்கின்றது. சென்ற ஆண்டு மாசித் திங்களில் ஒரு ஞாயிறன்று அங்கே திருப்பலி முடித்து வெளியே வந்தபோது, வாயிற்படியருகே முதிய தாய் ஒருவர் காத்து நின்றார். "தோத்திரம் சாமி" என்று கைகூப்பியவர், முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி தட்டைப்பயற்றை என் உள்ளங்கையில் கொட்டினார். மணிக்கு மணி குண்டூசித் தலையளவில் வட்டமான துளை. ஊதினால் பறந்துவிடும் போல அவை கனமற்றிருந்தன. பழுப்பு நிற வண்டுகள் இரண்டு என் மணிக்கட்டில் ஊர்ந்தன.

"புரட்டாசி வெதப்புக்குன்னு எடுத்து வச்சது சாமி. அறுத்து முழுசா ரெண்டு மாசம் ஆகல. கடையில இந்த மருந்தக் குடுத்தாக. பானைக்குள்ள போட்டு மூடிட்டா ஒரு பூச்சி நிக்காதாம். போடலாமா?" என்று கேட்டபடி, சுருக்குப் பையிலிருந்து ஒட்டி மூடிய சிறு பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

பானை எங்கே இருக்கிறது என்று கேட்டேன்.

"வேற எங்க சாமி, படுக்குற எடத்துல, தலமாட்டுலதான்."

அவருடைய வீடு ஒரே அறை கொண்டது. மகனும் மருமகளும் திருப்பூருக்குப் பிழைக்கச் சென்றுவிட்டமையால், பேரப்பிள்ளைகள் இருவரும் அவர் பக்கத்தில்தான் உறங்குகிறார்கள். அந்தப் பொட்டலத்தை அவரிடமிருந்து வாங்கிக்கொண்டேன். பிரிக்காமலே அதனை வேளாண்மை அலுவலர் ஒருவரிடம் மறுநாள் சேர்ப்பித்தேன். அன்று அவர் என்னிடம் அதைக் காட்டாமல் வீட்டுக்குப் போயிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணும்போது இன்றும் நெஞ்சம் பதறுகிறது. அந்த எண்ணமே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

அலுமினியம் பாஸ்பைடு என்பது அம்மாத்திரையின் பெயர். காற்றிலுள்ள ஈரம் பட்ட அளவிலேயே பாஸ்பின் என்னும் நச்சுவளி அதிலிருந்து கிளம்பும். மூன்று கிராம் எடையுள்ள மாத்திரையொன்று ஒரு கிராம் நச்சுவளியைத் தரும். அரசாங்கக் கிட்டங்கிகளில் மூட்டை அடுக்குகளைத் தடித்த உறையால் போர்த்தி, ஓரங்களை மணற்பைகளால் அடைத்து, இம்மாத்திரைகளை வைத்து, நாட்கணக்கில் மூடிவைத்து, பிறகு திறந்து நன்றாகக் காற்றாடவிட்ட பின்னரே ஆட்கள் உள்ளே நுழைவார்கள். அது பயிற்சி பெற்றோர் செய்யும் வேலை. சட்டமும் அத்தகையோர்க்கும் அரசு நிறுவனங்களுக்குமே இதனை விற்க இடந்தருகிறது. மண்பானையின் மூடி இவ்வளியைத் தடுக்காது. பூண்டு நாற்றம் போன்றதொரு வாடையுடன் அறையெங்கும் பரவி, உறங்குவோரின் இதயத்தையும் நுரையீரலையும் அது தாக்கும். இதற்கென்று தனியான மாற்று மருந்து இல்லை என்று மருத்துவர்கள் கூறுகின்றனர். ஒரு படி பயற்றைக் காக்க வீட்டுக்குள் கொண்டுவரத்தக்க பொருளா இது?

அந்தத் தாயின் மீது நான் குறை காணவில்லை. நம் மக்களுக்கு நெடுங்காலமாக இவ்வகைப் பொடிகளே நாகரிகம் என்று சொல்லித் தரப்பட்டது. என் இளமைப் பருவத்தில், அறுவடை முடிந்து நெல்மூட்டைகள் வீட்டுக்கு வந்ததும், என் தந்தையார் பி.எச்.சி. என்ற பொடியை ஒரு பழந்துணியில் கட்டி, மூட்டைகளின் மேலும் இடுக்குகளிலும் தட்டித் தட்டித் தூவுவார். அந்தப் பூஞ்சண வாடை இன்னமும் என் மூக்கில் இருக்கிறது. அப்பொடி படிந்த மூட்டையிலிருந்து எடுத்த நெல்லைத்தான் அவித்துக் குற்றி உண்டோம். மூட்டைகளின் மீது ஏறி விளையாடியவர்களும் நாங்களே. அதே பி.எச்.சி.யை 1997ஆம் ஆண்டு இந்திய அரசு அடியோடு தடை செய்தது. உடற்கொழுப்பில் தங்கி நெடுநாள் அகலாத நஞ்சு அது.

இதற்கு முன்பே நமது அண்டை மாநிலத்தில் ஒரு கொடிய பாடம் கிடைத்திருந்தது. 1958ஆம் ஆண்டு கேரளத்தில், பாரத்தியான் என்னும் பூச்சிக்கொல்லி கலந்துபோன கோதுமை மாவை உண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். உணவுப் பொருளையும் பூச்சிமருந்தையும் ஒருங்கே ஏற்றிவந்ததால் விளைந்த கேடு அது. நாட்டில் பூச்சிக்கொல்லிகளுக்கென்று 1968இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டதற்கு அத்துயரமே முதற்காரணம். 2013ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பீகார் மாநிலத்துப் பள்ளியொன்றில் மதிய உணவு உண்ட 23 பிள்ளைகள் இறந்ததையும் நாம் மறந்திருக்க மாட்டோம். அங்கே சமையல் எண்ணெயில் கலந்திருந்ததும் வயலுக்கு அடிக்கும் மருந்தே.

பகைவனை அறிதல்

அப்படியானால் வண்டுக்குத் தானியத்தைப் பலிகொடுத்துவிடுவதா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. ஆனால் முதலில் அவ்வண்டின் வாழ்க்கையைச் சிறிது அறிந்துகொள்ளவேண்டும். குருமடத்தில் ஏழாண்டுகளுக்கு மேல் மெய்யியலும் இறையியலும் பயின்ற எனக்கு இது தெரியாமற் போனதால் பட்ட அவமானம் ஒன்று உண்டு. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பயறு வண்டு களஞ்சியத்தில் பிறப்பதன்று. வயலிலே காய்கள் முற்றி உலரத் தொடங்கும்போதே தாய்வண்டு பறந்து வந்து அவற்றின் மேல் முட்டையிட்டுவிடுகிறது. ஆகவே, "அறுத்து ரெண்டு மாசம் ஆகல, அதற்குள் எங்கிருந்து வந்தது?" என்று வியக்க இடமில்லை. நாம் தலைச்சுமையாகக் களத்துக்குக் கொண்டுவந்த போதே அதுவும் உடன் வந்தது. வீட்டில் பானைக்குள் அடுத்த தலைமுறை பயற்றின் மேலேயே முட்டையிடும். பாசிப்பயற்றையோ துவரையையோ உற்றுப் பாருங்கள். தோலின்மீது ஒட்டிய சிறு வெண்புள்ளிதான் முட்டை. அதிலிருந்து வெளிவரும் புழு வெளியுலகைப் பார்ப்பதேயில்லை. முட்டையின் அடிப்புறமாகவே நேராகப் பயற்றினுள் துளைத்து நுழைந்து, உள்ளேயே தின்று, உள்ளேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி, வட்டக் கதவொன்றை அறுத்துக்கொண்டு வெளியே வருகிறது. நம் வெப்பத்தில் இதற்கு மூன்று அல்லது நான்கு வாரங்கள் போதும். வெளிவந்த வண்டு நமது பயற்றைத் தின்பதில்லை. இணைசேர்ந்து, முட்டையிட்டு, சில நாட்களில் மடிந்துவிடும். ஆயினும் ஒரு தாய் நூறு முட்டை வரை இடக்கூடும் என்றால், மூன்றாவது தலைமுறையில் பானையில் என்ன மிஞ்சும் என்பதை நீங்களே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

அரிசியிலும் சோளத்திலும் காணப்படும் கூன்வண்டு வேறு வகை. யானைத் துதிக்கை போன்ற மூக்கினால் மணியைத் துளைத்து, உள்ளே முட்டையை வைத்து, பசைபோன்ற ஒன்றால் துளையை அடைத்துவிடுகிறது. கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. நல்ல அரிசி என்று நாம் வாங்கி வைத்தது பத்து நாளில் தானே வண்டு வைத்ததுபோல் தோன்றுவது இதனாலேயே. நெல்லுக்கு அந்துப்பூச்சி, மாவுக்குச் சிவப்பு வண்டு என்று வேறு சிலவும் உள. அவற்றை விரித்தால் கட்டுரை நீளும்.

இவ்விரண்டு வண்டுகளின் கதையிலிருந்து ஒன்று தெளிவாகிறது. புழு மணிக்குள் புகுந்தபின் வெளியே எந்த இலையை வைத்தாலும் அது உள்ளேயிருப்பதைக் கொல்லாது. இலையும் எண்ணெயும் வெளியே உலவும் வண்டை விரட்டவும், முட்டையிடாமல் தடுக்கவும், இட்ட முட்டையை அழிக்கவுமே உதவும். எனவே அவை காலத்தோடு செய்யப்படவேண்டியவை. அவற்றுக்கு முன்பாகத் தானியம் நன்றாக உலர்ந்திருக்கவும் வேண்டும்.

இங்கேதான் என் அவமானம் வருகிறது. நான் இளங்குருவாக உதவிப் பங்குத்தந்தைப் பணியிலிருந்த ஊரில், மாணவர் விடுதியின் பயற்று மூட்டைகளில் வண்டு விழுந்தது. வேப்பிலை நல்லது என்று கேள்விப்பட்டிருந்த நான், மரத்திலிருந்து பச்சைக் கொத்துகளை ஒடித்து மூட்டைகளுக்குள் திணிக்கச் சொன்னேன். பத்து நாள் கழித்து மூட்டையை அவிழ்த்தால், வண்டுகள் நலமாக இருந்தன. பயறோ இலையின் ஈரத்தால் கட்டிபிடித்துப் பூஞ்சணம் பூத்திருந்தது. விடுதியில் சமைத்த அம்மாள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. மரியாதைக்காகத் தம்மை அடக்கிக்கொண்டார் என்பது மட்டும் தெரிந்தது. "எலைய நெழல்ல காய வைக்கணும் சாமி. மொதல்ல பயறு காஞ்சிருக்கணும்" என்று அவர் சொன்ன இரண்டு வாக்கியங்கள் எனக்கு ஒரு பாடநூல் ஆயின.

பாட்டிமாரின் களஞ்சியம்

மதுரைச் சீமையின் பழைய வீடுகளில் குலுக்கை இல்லாத வீடு அரிது. களிமண்ணும் வைக்கோலும் பிசைந்து ஆளுயரத்துக்குச் சுவரெழுப்பி, அடியில் ஒரு சிறு வாய் வைத்து, மேலே மூடியிட்டுச் சாணமும் மண்ணும் குழைத்துப் பூசிவிடுவார்கள். வைகைப் பாசனத்துச் சோழவந்தான் பக்கம் நெல்லுக்குப் பத்தாயம். மேற்கே கரிசற்காட்டில் சோளத்துக்கும் கம்புக்கும் குதிரைவாலிக்கும் குலுக்கை. விதை நெல்லுக்கோ வைக்கோற் பிரி சுற்றிய கோட்டை. பூசி மூடுவதில் அழகு மட்டுமே இருப்பதாக நினைத்துவிடக் கூடாது. காற்றுப் புகாத அறைக்குள் வண்டுகள் மூச்சுவிட்டு உயிர்வளியைத் தீர்த்துக்கொண்டு தாமே சோர்ந்து மடியும். இக்காலத்தில் ஆப்பிரிக்க நாடுகளில் காராமணியை, அதாவது நமது தட்டைப்பயற்றை, மூன்றடுக்குப் பைகளில் காற்றுப் புகாமல் கட்டிவைத்துக் காக்கும் முறை பரவியிருக்கிறது. அதன் தத்துவமும் இதுவே.

குலுக்கையில் கொட்டுமுன் தானியம் உலர்ந்துவிட்டதா என்று பார்க்கப் பாட்டிமார் ஒரு மணியைப் பல்லுக்கிடையே வைத்துக் கடிப்பார்கள். 'நறுக்'கென்று உடைந்தால் சரி. நசுங்கினால் மறுபடியும் களத்துக்குத்தான். ஈரப்பதம் நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இறங்கினால் கூன்வண்டு பெருகத் தடுமாறும் என்று பூச்சியியலார் கூறுகின்றனர். பயறு வகைகளுக்கு எட்டு, ஒன்பது விழுக்காடு நல்லது. அளக்கும் கருவி இல்லாத வீட்டில் பல்லே கருவி.

மாதந்தோறும் அமாவாசையன்று பயற்றை எடுத்து வெயிலில் காயவைக்கும் வழக்கமும் நம் பக்கத்தில் உண்டு. நிலாவுக்கும் வண்டுக்கும் என்ன உறவு என்று நான் பலகாலம் ஏளனமாகவே நினைத்திருந்தேன். பயறு வண்டு ஒரு தலைமுறையை முடிக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகிறது என்று படித்தபோதுதான் அதன் நயம் புரிந்தது. நாட்காட்டி இல்லாத காலத்தில், ஒரு தலைமுறை வெளிவந்து அடுத்தது பெருகுமுன் பானையைத் திறந்து பார்க்கச் சொல்லும் ஏற்பாடு அது. அமாவாசையை விரும்பாதவர்கள் மாதத்தின் முதற்சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளட்டும். வண்டுக்கு இரண்டும் ஒன்றே.

இனி இலைகள். வேம்பு, நொச்சி, புங்கம் ஆகிய மூன்றுமே நம் சமவெளியில் எங்கும் கிடைப்பவை. நிழலில் உலர்த்தி, பாத்திரத்தின் அடியிலும் இடையிலும் மேலும் அடுக்கடுக்காகப் பரப்பவேண்டும். நிழலில் ஏன்? வேம்பின் கசப்புக்குள் இருக்கும் அசாடிராக்டின் என்னும் பொருள் வெயிலொளியில் சிதைந்துவிடும். அது பூச்சியைத் தொட்டவுடன் கொல்லும் நஞ்சன்று. உணவை வெறுக்கச் செய்யும். புழு தோலுரித்து வளர்வதைக் குலைக்கும். இலையைவிட விதைப்பருப்பிலேயே அது மிகுதி. ஆனி, ஆடியில் மரத்தடியில் உதிரும் பழங்களைப் பொறுக்கி, சதை நீக்கிக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஓடு உடைத்துப் பருப்பை இடித்த தூளை நூறு கிலோ விதைப் பயற்றுக்கு மூன்று கிலோ வீதம் கலந்துவைக்க வேளாண் துறையினர் பரிந்துரைக்கின்றனர். ஓராண்டுக்கு மேல் கிடந்த பருப்பில் வீரியம் குறைந்துவிடும். நொச்சியின் நெடி வண்டை விலக்குகிறதேயன்றிக் கொல்வதில்லை. அதனால் நெடி மறைந்த பழைய இலைகளை எடுத்தெறிந்து புதியன வைக்கவேண்டும். இலையை வைத்துவிட்டு ஆண்டு முழுதும் நிம்மதியாயிருக்கலாம் என்பார் பேச்சை நம்பவேண்டாம்.

சாம்பலும் மண்ணும் செடியல்ல எனினும் அவற்றையும் இங்கேயே சொல்லவேண்டும். வண்டின் உடல்மேல் மெழுகுப் பூச்சு ஒன்றுண்டு. உடலின் ஈரத்தைக் காப்பது அது. சாம்பல் துகளும் செம்மண் துகளும் அதனைச் சுரண்டிவிட, வண்டு வற்றிச் சாகிறது. துவரைக்குச் செம்மண் கட்டி உலர்த்தி வைப்பதன் காரணமும், பானைப் பயற்றின்மேல் இரண்டு விரற்கடை தடிமனுக்கு மணல் பரப்புவதன் காரணமும் வண்டு நடமாடி முட்டையிடும் வழியை அடைப்பதே. முழுப்பயற்றைவிட உடைத்த பருப்பில் பயறு வண்டு தொல்லை குறைவு. அதனாலேயே நம்மவர் அறுவடையானதும் திருகையை எடுத்துப் பருப்பு உடைத்து வைத்தனர்.

இவை எல்லாவற்றிலும் பயற்றுக்கு மிக எளியதும் உறுதியானதும் எண்ணெய் கட்டுதலே. ஆமணக்கெண்ணெய், வேப்பெண்ணெய், கடலையெண்ணெய் எதுவாயினும் ஒரு கிலோவுக்கு 5 முதல் 10 மில்லி, அதாவது சிறு தேக்கரண்டியால் ஒன்று முதல் இரண்டு, போதும். அகன்ற தட்டில் பயற்றைக் கொட்டி, எண்ணெயைத் தெளித்து, ஒவ்வொரு மணியும் பளபளக்கும் வரை இரு கைகளாலும் பிசறவேண்டும். மெல்லிய எண்ணெய்ப் படலம் முட்டையை மூடி, அதற்குள் மூச்சுச் செல்லாமல் தடுத்துவிடும். முட்டை பொரியாது. பொரியுமுன் செய்யவேண்டும் என்பதே நிபந்தனை. அளவு மீறினால் பயறு சிக்கு வாடை கொள்ளும், விதையாயின் முளைப்புத் திறனும் குன்றும். உண்பதற்கென வைப்பதில் வேப்பெண்ணெய் வேண்டாம். கழுவினாலும் கசப்பு எஞ்சும். ஆமணக்கின் எண்ணெயைத்தான் சொன்னேன். அதன் பிண்ணாக்கைத் தானியத்தருகே கொண்டுபோகவே கூடாது. ரிசின் என்னும் கொடிய நஞ்சு பிண்ணாக்கில் தங்கியிருக்கிறது.

செடியில் விளைந்ததெல்லாம் அமுதமன்று

இதனைச் சற்று அழுத்தியே எழுத விரும்புகிறேன். 'இயற்கையானது' என்ற ஒரு சொல்லைக் கேட்டதும் நம்மிற் பலர் விழிப்பை இழந்துவிடுகின்றனர்.

வசம்பை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பெயர் சொல்லாமலே 'பேர் சொல்லா மருந்து' என்று போற்றப்படும் கிழங்கு அது. பொடித்து, நூறு கிலோ விதைக்கு ஒரு கிலோ வீதம் கலந்தால் பயறு வண்டு நெருங்காது. அதிலுள்ள அசரோன் என்னும் பொருள் பூச்சிகளை மலடாக்குகிறது. பூச்சிக்கு இத்துணைக் கேடு செய்யும் பொருள் நமக்கு நலம் மட்டுமே செய்யுமா? அசரோன் கலந்த தீனி தின்ற எலிகளுக்குப் புற்று கண்டதால், 1968ஆம் ஆண்டு முதல் அமெரிக்க நாட்டில் உணவுப் பொருளில் வசம்பு சேர்ப்பது தடுக்கப்பட்டுள்ளது. ஆகவே, வசம்புப் பொடியை விதைக்கென்று ஒதுக்கியதில் மட்டும் கலப்பதே அறிவுடைமை. சமைக்க வைத்த அரிசியில் கலக்கவேண்டாம்.

வேப்பெண்ணெயும் அவ்வாறே. மலேசியாவில் குழந்தைகளுக்கு மருந்தென்று வேப்பெண்ணெய் புகட்டியதால் மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட நிலை உண்டானதை அந்நாட்டு மருத்துவர்கள் 1981ஆம் ஆண்டு மருத்துவ இதழில் எழுதி எச்சரித்தார்கள். விதைப் பயற்றுக்கு வாங்கிய புட்டியைப் பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வைப்பது நம் கடமை. எண்ணெய் கட்டிய விதையைச் சமையல் பாத்திரத்திலிருந்து வேறுபடுத்த, பானையின் கழுத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்னபின், வேம்பைப் பற்றி உலகம் அறிந்துகொண்ட வரலாற்றையும் சுருங்கக் கூறுவேன். 1959ஆம் ஆண்டு சூடான் நாட்டில் வெட்டுக்கிளிப் படை ஒன்று பச்சையெல்லாம் தின்று தீர்த்தபின் வேப்பமரங்கள் மட்டும் இலையோடு நின்றதைச் செருமானியப் பூச்சியியலார் ஷ்முட்டெரர் கண்டார். நம் நாட்டிலோ 1960களின் தொடக்கத்திலேயே தில்லி வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் பிரதான் முதலியோர் வேப்பம்பருப்புக் கரைசலை வெட்டுக்கிளிக்கு எதிராக ஆராய்ந்துவிட்டனர். 1968இல் இங்கிலாந்தில் பட்டர்வொர்த், மார்கன் என்னும் இருவர் அசாடிராக்டினைப் பிரித்தெடுத்தனர். சிக்கலான அதன் அமைப்பை ஆய்வுக்கூடத்தில் முழுமையாக உருவாக்குவது 2007ஆம் ஆண்டுதான் கைகூடிற்று. மரமோ அதனை ஆண்டுதோறும் சத்தமின்றிச் செய்துகொண்டிருக்கிறது. இடையில் வேப்பெண்ணெய் கொண்டு பூஞ்சணத்தை அடக்கும் முறைக்கு அமெரிக்கக் குழுமம் ஒன்றும் அந்நாட்டு வேளாண்துறையும் ஐரோப்பாவில் காப்புரிமை பெற்றன. இது இந்திய மக்கள் முன்பே அறிந்தது என்று வந்தனா சிவா முதலியோர் வழக்காடி, 2000ஆம் ஆண்டு அவ்வுரிமை நீக்கப்பட்டது. 2005இல் மேல்முறையீடும் தள்ளப்பட்டது. நம் திருச்சபைக்கும் இத்துறையில் ஒரு சிறு பங்குண்டு. சென்னை இலொயோலா கல்லூரியின் பூச்சியியல் ஆய்வு நிறுவனத்தில் இயேசு சபைக் குரு இஞ்ஞாசிமுத்து அடிகளாரும் அவருடன் உழைத்தோரும் வேப்பெண்ணெயையும் புங்கெண்ணெயையும் சேர்த்துப் 'பொன்னீம்' என்ற பயிர்ப்பாதுகாப்பு மருந்தை உருவாக்கினர்.

நகரத்து வீடுகளுக்கு

"எங்களுக்குக் குலுக்கையும் இல்லை, விதையும் இல்லை" என்பார்கள் மதுரை நகரத்துப் பங்கு மக்கள். உண்மைதான். நெல்பேட்டை என்ற பெயர் மட்டும் நகரில் எஞ்சியிருக்க, ஆண்டுக்கு வேண்டிய நெல்லை வீட்டில் வைத்த காலம் போயிற்று. இருபத்தைந்து கிலோ சிப்பமும் நியாயவிலைக் கடை அரிசியுமே இன்றைய களஞ்சியம். இவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. பழைய அரிசி இருக்கும் பாத்திரத்தில் புதியதைக் கொட்டாதீர்கள். பாத்திரத்தைக் கழுவி வெயிலில் காயவைத்து, இறுக மூடும் மூடி போடுங்கள். உலர்ந்த வேப்பிலையை மெல்லிய துணிப்பையில் கட்டி இடுங்கள். காய்ந்த மிளகாய் சிலவும் உதவும். வண்டு வைத்த அரிசியைக் கடும் வெயிலில் பரப்பினால் மணி வெடித்துக் குருணையாகிவிடும். நிழலிலோ இளவெயிலிலோ பரப்பினால் வண்டுகள் தாமே ஓடிவிடும். பிறகு புடைத்து எடுத்துக்கொள்ளலாம். மூட்டை கணக்கில் வைத்திருக்கும் விடுதிகளுக்கும் கன்னியர் இல்லங்களுக்கும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய பொறி ஒன்று இருக்கிறது. துளைகள் நிறைந்த குழாயைத் தானியத்துக்குள் செருகிவிட்டால், காற்றை நாடும் வண்டுகள் துளை வழியே நுழைந்து கீழே விழுந்து சிக்கிக்கொள்ளும். மருந்து ஏதும் வேண்டாம். ஒத்தக்கடையில் யானைமலை அடிவாரத்தில் 1965 முதல் இயங்கும் வேளாண்மைக் கல்லூரிக்குச் சென்றால் இவை பற்றி விளக்கம் கேட்கலாம்.

இனி அந்தத் தாயின் பானைக்கு வருவோம். ஏற்கெனவே புழு புகுந்துவிட்ட பயறாகையால் எண்ணெய் மட்டும் போதாது என்று அவருக்குச் சொன்னேன். துளை விழுந்தவற்றை நீரில் இட்டு மிதப்பதைக் களைந்து, மூழ்கியதை உடனே எடுத்து உலர்த்தினோம். பிறகு மாசி வெயிலின் உச்சிப்பொழுதில், கறுப்புத் தார்ப்பாயின் மேல் மெல்லியதாகப் பரப்பி, மேலே கண்ணாடி போன்ற பாலிதீன் தாளால் மூடி, ஓரங்களில் கல் வைத்து இரண்டு மணி நேரம் விட்டோம். ஐம்பத்தேழு பாகை வெப்பத்தில் ஒரு மணி நேரம் இருந்தால் முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்டு ஆகிய எல்லாமே மடிந்துவிடும். தாளுக்கடியில் கையை வைத்த பேரன் சட்டென்று இழுத்துக்கொண்டதே எங்களுக்கு வெப்பமானி. ஆறவைத்து, கிலோவுக்கு ஒரு கரண்டி வேப்பெண்ணெய் பிசறி, பானையிலிட்டு, மேலே சலித்த மணல் பரப்பி, மூடியைச் சுற்றிச் சாணமும் மண்ணும் பூசினார். மாதம் ஒருமுறை திறந்து பார்த்து மறுபடியும் பூசவேண்டும் என்று சொல்லிவந்தேன்.

புரட்டாசியில் முதல் மழை விழுந்த வாரம் அவ்வூருக்குச் சென்றபோது பானை திறந்திருந்தது. மணலின் மேல் ஏழெட்டு வண்டுகள் செத்துக் கிடந்தன. மாசியிலேயே பாழானது பாழானதுதான். கால்வாசிக்கு மேல் போய்விட்டது. எஞ்சியதிலிருந்து பத்து மணிகளை ஈரச் சாக்கில் சுருட்டி வைத்திருந்தார். எட்டு முளைவிட்டிருந்தன.

"பக்கத்து வீட்டுக்காரி கேக்குறா சாமி, உளுந்துக்கும் ஒரு கரண்டிதானா?"

"உளுந்து சிறியது அம்மா, மேற்பரப்பு கூடுதல். கிலோவுக்கு ஒன்றரைக் கரண்டி" என்றேன்.